மொட்டை மாடியில் ஒரு பெட்டி, சுற்றி 775 ஏக்கர்

(எபிசோடின் எழுத்து வடிவம். வாசிக்க வசதியாகச் சில இடங்களில் சுருக்கியிருக்கிறோம்.)

போன மாசம் பேச்சுவாக்குல, எங்க ஊர் நிலத்துல தேன் பெட்டி இருக்குன்னு ஒரு வரி சொன்னேன். அதுல இருந்து இன்பாக்ஸ் முழுக்க ஒரே கேள்வி. "சென்னையில மொட்டை மாடியில ஒரு பெட்டி வைக்கலாமா? வருஷத்துக்கு எத்தனை பாட்டில் தேன் வரும்?" வேளச்சேரியில இருந்து கேட்டிருக்காங்க, அம்பத்தூர்ல இருந்து கேட்டிருக்காங்க. ஒருத்தர் பெட்டியை ஆர்டரே போட்டுட்டு, "வியாழக்கிழமை டெலிவரி, அதுக்குள்ள எபிசோட் வருமா?"ன்னு எழுதியிருக்கார். அவருக்காகவாவது இன்னைக்குப் பேசிடணும்.

ஒரு கணக்குல ஆரம்பிக்கலாம். நம்ம பக்கம் மரப்பெட்டியில வளர்க்கிறது பெரும்பாலும் இந்தியத் தேனீ. பொந்துலயும் புத்துலயும் அடுக்கடுக்கா அடை கட்டும், அதனால அடுக்குத் தேனீன்னும் சொல்வாங்க. அது கூட்டுல இருந்து சுமார் ஒரு கிலோமீட்டர் தூரம் வரைக்கும் போய் மேயும். பூ கிடைக்கலைன்னா இன்னும் கொஞ்சம் தள்ளியும் போகும். ஒரு கிலோமீட்டர் ஆரத்துல வட்டம் போட்டுப் பாருங்க. 3.14 சதுர கிலோமீட்டர், ஏக்கர்ல சொன்னா கிட்டத்தட்ட 775. நம்ம பெட்டி ஒரு ஸ்டூல் மேல உட்கார்ற சைஸ். ஆனா அதுக்கு மேய்ச்சல் நிலம் 775 ஏக்கர், அதுல பெரும்பாலும் ஒரு சென்ட் கூட நம்ம பேர்ல இருக்காது. ஆட்டைக் கட்டி வைக்கலாம், மாட்டை ஓட்டிக்கிட்டுப் போய் ஓட்டிக்கிட்டு வரலாம். தேனீக்கு ஏது கயிறு?

அதனால தேனீ வளர்க்கிறதுல பாதி பூச்சியோட சமாச்சாரம், மீதி அக்கம்பக்கத்தோட சமாச்சாரம். சட்டத்தை எப்படித் தூக்கறது, புகை எப்படிப் போடறதுன்னு முதல் பாதிக்கு வீடியோ கொட்டிக் கிடக்கு. இந்த மீதிப் பாதியைத்தான் யாரும் சொல்றதில்ல. நான் அதைப் பேசறேன்.

முதல்ல ஊர்க்கதை. எங்க ஊர் கெடார். விழுப்புரத்துல இருந்து திருவண்ணாமலை போற ரோட்டுல, காணை தாண்டி வரும். பஸ் ஜன்னல்ல இருந்து பார்த்தா எல்லாம் பச்சையா இருக்கும். நெல், கரும்பு, மல்லாட்டை, நடுநடுவுல சவுக்கு. மல்லாட்டைன்னா நிலக்கடலை, எங்க பக்கத்துப் பேரு. சிட்டில இருந்து வர்ற ஃப்ரெண்ட்ஸ் இதைப் பார்த்துட்டு, "தேனீக்கு இதைவிட என்ன வேணும்?"னு கேட்பாங்க. கொஞ்சம் தேனீயோட கண்ணால பார்ப்போம். கரும்பை அது பூக்கறதுக்கு முன்னாடியே வெட்டிடுவாங்க. நெல்லுல மகரந்தம் கொஞ்சம் கிடைக்கும், இனிப்பு கிடையாது. சவுக்குக்குக் காத்து போதும், தேனீயோட தயவு வேணாம். மல்லாட்டைப் பூ தன்னைத் தானே மகரந்தச் சேர்க்கை பண்ணிக்கிற பூ, அதுலயும் பெருசா ஒண்ணும் தேறாது. கண்ணுக்கு எட்டின தூரம் பச்சை, ஆனா தேனீக்குப் பட்டினி!

அப்போ எங்க ஊர்த் தேன் எங்கேருந்து வருது? வரப்புல இருந்து, ஏரிக்கரையில இருந்து, ரோட்டோரத்துல இருந்து. வேம்பு, புங்கன், புளி, நாவல், பனை, தென்னை, வீட்டுக் கொல்லையில நிக்கற முருங்கை. பயிர்ல பார்த்தா எள். எள்ளுக்கும் எங்க மாவட்டத்துக்கும் பழைய உறவு. திண்டிவனத்துல எண்ணெய்வித்து ஆராய்ச்சி நிலையம் இருக்கு. நாடு முழுக்க விவசாயிங்க விதைச்ச டிஎம்வி எள், டிஎம்வி மல்லாட்டை ரகங்கள்ல அந்த மூணு எழுத்து திண்டிவனத்தைத்தான் குறிக்குது. எள்ளு பூத்த கொல்லி ஓரத்துல காலையில நின்னா, காதுக்குள்ள மோட்டார் ஓடற மாதிரி இருக்கும்.

இன்னொண்ணு சொன்னா சிலருக்குக் கோபம் வரும். சீமைக் கருவேலம். ஆமா, எல்லாரும் திட்டற அதே மரம்தான். 2017-ல மதுரை உயர் நீதிமன்றக் கிளை அதை அழிக்கச் சொன்னப்போ ஊர் ஊரா ஜேசிபி இறங்குச்சே, ஞாபகம் இருக்கா? அந்த மரம் பண்ற கெடுதலை நான் மறுக்கல, ஏரியை அடைச்சுக்கிட்டு நிக்கறதை நானே பார்க்கிறேன். ஆனா வறண்ட ஊர்கள்ல, வேற எதுவும் பூக்காத மாசத்துல, அதுதான் தேனீக்குச் சோறு போடுது. வெட்டறவங்க வெட்டட்டும். வெட்டின இடத்துல ஒரு புங்கன், ஒரு நாவல் நடற வேலையைச் சேர்த்துச் செஞ்சா நல்லா இருக்கும். பல இடத்துல முதல் வேலையோட பில் போட்டு முடிச்சிடறாங்க.

எங்க பக்கம் தேனுக்குக் காலம், தையில தொடங்கி சித்திரை, வைகாசி வரைக்கும். ஐப்பசி, கார்த்திகைதான் கஷ்டம். வடகிழக்கு மழை நாள் கணக்கா அடிக்கும், தேனீ வெளியே வராது, வந்தாலும் பூவுல இருக்கிற இனிப்பை மழை கழுவிட்டுப் போயிருக்கும். அந்த ரெண்டு மாசம் பெட்டிக்குள்ள சேமிப்பு இல்லைன்னா கூட்டம் மெலிஞ்சுடும். மெழுகு அந்துப்பூச்சி புகுந்து அடையைத் தின்னும். இல்லைன்னா ஒரு நாள் காலையில பெட்டி காலியா இருக்கும், மொத்தக் குடும்பமும் ராணியோட இடத்தைக் காலி பண்ணிட்டுப் போயிருக்கும். இந்தியத் தேனீக்கு அந்த ரோஷம் ஜாஸ்தி. சித்திரையில பேராசைப்பட்டு கடைசிச் சொட்டு வரைக்கும் வழிச்சு எடுத்தவங்க கார்த்திகையில அதுக்கான விலையைக் கொடுப்பாங்க. "பெட்டிக்கு எவ்வளவு தேன்?"னு கேட்டீங்க இல்லையா? எங்க சமவெளியில ஒரு பெட்டிக்கு வருஷத்துக்கு மூணு, நாலு கிலோ கிடைச்சா நல்ல வருஷம். அவ்வளவுதான்.

இப்போ பெரியப்பா கதை. எங்க நிலத்துக்குப் பக்கத்துல பெரியப்பா தர்பூசணி போடறார். நான் பெட்டி வைக்கலாம்னு இருக்கேன்னு போய்ச் சொன்னப்போ மோட்டார் கொட்டாய் திண்ணையில உட்கார்ந்திருந்தார். "தோ பாரு, பொட்டிய வையி, நான் வேணான்னு சொல்லல. ஆனா மருந்தே அடிக்காத விவசாயம்னு எங்கிட்ட வந்து பேசாத. பேன் புடிச்சா கொடி பூரா சுருண்டுக்கும். எனக்குக் கடன் குடுத்தவன் உன் தேனீயப் பத்தி விசாரிக்கமாட்டான்." எதிர்த்துப் பேச ஒண்ணும் இல்ல, அவர் சொன்னது நிஜம்.

நான் கேட்டது ஒண்ணே ஒண்ணு. "அடிக்கறதுக்கு முன்னாடி நாள் ஒரு போன் பண்ணுங்க பெரியப்பா. அடிக்கறதைச் சாயங்காலம் வச்சுக்குங்க." கொஞ்ச நேரம் யோசிச்சார். "சாயங்காலம்னா ஆள் கெடைக்கணுமே"ன்னார். அப்புறம் சரின்னுட்டார்.

சாயங்காலம் ஏன்னு சொல்றேன். தர்பூசணியில ஆண் பூ தனி, பெண் பூ தனி. ஒரு பூ காலையில விரியும், மத்தியானத்துக்குள்ள அதோட கதை முடிஞ்சிடும், மறுநாள் கிடையாது. அந்தச் சில மணி நேரத்துக்குள்ள ஒரு பெண் பூவுக்கு தேனீ பல தடவை வந்து போகணும். சரியா வராம போனா காய் ஒரு பக்கம் பெருத்து ஒரு பக்கம் சூம்பி கோணலா வரும், இல்லைன்னா பிஞ்சுலயே வெம்பி விழும். கோணக்காயை வியாபாரி ஓரமா உருட்டி விட்டுடுவார், காசு கிடையாது. அப்போ காலையில மருந்தடிச்சா தேனீயும் சாகும், நம்ம காயும் போகும். சாயங்காலம் பூ மூடியிருக்கும், தேனீ வீட்டுக்குப் போயிருக்கும். ரெண்டாவது வருஷம் பெரியப்பாவே போன் பண்ணி, "கொடி பூ எடுக்குது, பொட்டிய இந்தப் பக்கம் தள்ளி வையேன்"னார். அந்த ஒரு போன் கால்தான் எங்க தேன் பெட்டியோட இன்சூரன்ஸ்.

சாயங்காலம் அடிச்சா எல்லாம் சரியாயிடும்னு நான் சொல்லல. இமிடாகுளோபிரிட் மாதிரி மருந்து செடிக்குள்ளேயே ஊடுருவிப் பூவோட இனிப்பு வரைக்கும் போய்ச் சேரும். ஐரோப்பிய ஒன்றியம் அதையும் அந்த வகையில இன்னும் ரெண்டையும் திறந்தவெளி வயல்ல பயன்படுத்த 2018-ல தடை போட்டுச்சு. நம்ம ஊர்ல அது மருந்துக் கடையில சாதாரணமா கிடைக்குது. ஒரு பெரியப்பாகிட்ட பேசலாம். 775 ஏக்கர்ல எத்தனை பெரியப்பா இருப்பாங்க? அவங்க எல்லாரோட கடனுக்கும் நான் பதில் சொல்ல முடியுமா? இதுக்கு எங்கிட்ட விடை இல்ல. எந்தக் கழனியில எப்போ என்ன பூக்குது, யார் எப்போ டேங்க்கைத் தோள்ல மாட்டறாங்கன்னு ஒரு நோட்டுல எழுதி வச்சிருக்கேன், அவ்வளவுதான்.

சரி, சென்னைக்கு வருவோம். ஒரு ஆச்சரியமான விஷயம், மரம் நிக்கற பழைய தெருக்கள்ல தேனீக்கு எங்க ஊரைவிட நல்ல சாப்பாடு கிடைக்கலாம். தூங்குமூஞ்சி, புங்கன், வேம்பு, இயல்வாகை, தென்னை, பக்கத்து வீட்டு முருங்கை, காம்பவுண்டு மேல படர்ந்த கொடி ரோஜான்னு மாத்தி மாத்தி ஏதாவது ஒண்ணு பூத்துக்கிட்டே இருக்கும். ஆனா தெரு முழுக்க காகிதப்பூவும் க்ரோட்டன்ஸும் புல்தரையும்தான்னா, அது எங்க ஊர்க் கரும்புக் காட்டுக்குச் சமம். பார்க்க அழகு, சாப்பிட ஒண்ணும் இல்ல. புது கேட்டட் கம்யூனிட்டி நிறைய இந்த ரகம்.

அதனால பெட்டிக்கு முன்னாடி ஒரு வேலை. உங்க வீட்டைச் சுத்தி ஒரு கிலோமீட்டர் நடங்க. ஒரு ஞாயித்துக்கிழமை மட்டும் போதாது, ஒரு வருஷம் மாசத்துக்கு ஒரு தடவை. என்ன பூத்திருக்கு, அதுல தேனீ உட்காருதா, இதை மட்டும் குறிச்சுக்குங்க. ரெண்டு மாசத்துக்கு மேல தொடர்ச்சியா ஒண்ணுமே இல்லைன்னா பெட்டி வேணாம், மரம் நடுங்க. போர் அடிக்கிற யோசனைதான், தெரியும்.

உலகத்துல மத்த ஊர்கள்ல நடந்ததையும் பார்க்கணும். நியூயார்க் 2010-ல நகரத்துக்குள்ள தேனீ வளர்க்க அனுமதிச்சுது. பாரிஸ்ல ஓபரா மண்டபத்துக் கூரையில பெட்டி வச்சுத் தேன் எடுத்தாங்க. பெரிய ஃபேஷன் ஆச்சு, கம்பெனிங்க ஆபீஸ் மாடியில பெட்டி வச்சு "நாங்க பூமியைக் காப்பாத்தறோம்"னு போஸ்டர் அடிச்சாங்க. அப்புறம் லண்டன்ல என்ன ஆச்சுன்னா, பெட்டி கூடிக்கிட்டே போச்சு, பூ கூடலை. 2020-ல கியூ தாவரவியல் பூங்கா வெளியிட்ட அறிக்கையே, வளர்ப்புத் தேனீ அளவுக்கு மீறினா காட்டுத் தேனீங்களுக்குச் சாப்பாடு இல்லாம போகும்னு எச்சரிச்சுது. ஒரு மாந்தோப்புல பத்து பெட்டி வைக்கிறதும், ஒரே தெருவுல பத்து மாடியில பத்து பெட்டி வைக்கிறதும் ஒண்ணு இல்ல. சென்னை இன்னும் அந்த நிலைக்குப் போகலை. ஆனா இந்த எபிசோடைக் கேட்டுட்டு ஒரே அப்பார்ட்மென்ட்ல நாலு பேர் பெட்டி வாங்கினா, அந்தப் பாவம் என்னைச் சேரும்.

நகரத்துலயும் "பெரியப்பா" உண்டு, பேர்தான் வேற. கொசுப் புகை அடிக்கிற வண்டி, அப்பார்ட்மென்ட்டுக்கு மாசம் ஒரு தடவை வர்ற பெஸ்ட் கன்ட்ரோல் ஆள், ரோஜாத் தொட்டிக்கு மருந்தடிக்கிற மூணாவது மாடி ஆன்ட்டி. இவங்க மூணு பேர் நம்பரும் உங்க போன்ல இருக்கணும். அசோசியேஷன் மீட்டிங்ல எழுந்து நின்னு சொல்லணும். யாருக்காவது தேனீக் கொட்டு அலர்ஜி இருக்கான்னு வீடு வீடா கேட்கணும். ராத்திரி மாடியில எரியற ட்யூப் லைட்டை நோக்கித் தேனீ வரலாம், அது யார் வீட்டு லைட்டுன்னு பார்க்கணும். சித்திரை வெயில்ல சிமென்ட் தளம் தகிக்கும். கூட்டுக்குள்ள புழு வளர 34, 35 டிகிரி வேணும், அதுக்கு மேல ஏறாம இருக்க வேலைக்காரத் தேனீங்க தண்ணி கொண்டு வந்து தெளிச்சு இறக்கையால விசிறி விடும். நிழலும் பக்கத்துல தண்ணியும் இல்லைன்னா அதுங்க தேன் சேர்க்கறதை விட்டுட்டு நாள் முழுக்கத் தண்ணி சுமக்கும். அதுவும் எங்கேருந்து? பக்கத்து வீட்டு வாஷிங் ஏரியாவுல இருந்து! அங்கதான் முதல் சண்டை ஆரம்பிக்கும்.

இவ்வளவு முடியாது, ஆனா ஆசையா இருக்குன்னு சொல்றவங்களுக்குக் கொசுத்தேனீ இருக்கு. கொடுக்கு கிடையாது, ரொம்ப சின்னது. பழைய சுவர் விரிசல்ல, காலியான ஸ்விட்ச் போர்டு ஓட்டையில மெழுகுல ஒரு குழாய் மாதிரி வாசல் நீட்டிக்கிட்டு இருக்கும், நீங்க பார்த்திருப்பீங்க, எறும்புன்னு நினைச்சிருப்பீங்க. மரப்பெட்டியிலயோ மண்பானையிலயோ மூங்கில்லயோ வளர்க்கலாம். பால்கனி போதும். தேன் வருஷத்துக்குச் சில நூறு கிராம்தான், புளிப்பும் கசப்பும் கலந்திருக்கும். ஆனா உங்க மாடித் தோட்டத்துல வெள்ளரியும் பாகலும் காய்க்கிறதுல வித்தியாசம் தெரியும். குழந்தைங்க பக்கத்துல உட்கார்ந்து வேடிக்கை பார்க்கலாம்.

அந்த வியாழக்கிழமை டெலிவரிக்காரருக்கு: பெட்டி வந்தா வரட்டும், காலிப் பெட்டிக்குத் தீனி வேணாம். ஆனா கூட்டத்தை எங்கேயோ தூரத்துல இருந்து பார்சல்ல வரவழைக்காதீங்க. இதுக்கு ஒரு வரலாறு இருக்கு.

தமிழ்நாட்டுல தேன்னாலே மார்த்தாண்டம்தான். 1920-கள்ல ஸ்பென்சர் ஹாட்ச்ங்கற அமெரிக்கர் மார்த்தாண்டத்துல ஒய்எம்சிஏ கிராமப்புற மையம் நடத்தினார். கோழி வளர்ப்பு, நெசவு மாதிரி தேனீயையும் ஏழைக் குடும்பத்துக்கு ஒரு உபதொழிலா கத்துக்கொடுத்தாங்க. அமெரிக்காவுல லாங்ஸ்ட்ராத் 1852-ல காப்புரிமை வாங்கின அசையும் சட்டப் பெட்டியை, நம்ம சின்னத் தேனீக்கு ஏத்த மாதிரி சின்னதாக்கிக் கொடுத்தவர் தென்னிந்தியாவுல இருந்த நியூட்டன் பாதிரியார். இன்னைக்கும் நீங்க வாங்கற பெட்டிக்கு நியூட்டன் பெட்டின்னு பேர் இருக்கலாம். அங்கே ரப்பர் தோட்டம் வேற. ரப்பர் மரம் இலை உதிர்த்துத் துளிர்க்கும்போது, இலைக் காம்புல இருந்து இனிப்பு கசியும். மார்த்தாண்டம் தேன்ல பெரும்பகுதி அந்த இலைத் துளிர் கொடுக்கறது, பூ கொடுக்கறது இல்ல. பாட்டில் மேல பூப்படம் போட்டிருப்பாங்க, அது வேற விஷயம்.

அந்த ஊர்ல 1990-களோட தொடக்கத்துல ஒரு கொள்ளைநோய் வந்துச்சு. தாய் சாக்புரூட்னு ஒரு வைரஸ், தாய்லாந்துல முதல்ல அடையாளம் கண்டதால அந்தப் பேர். புழு செத்துத் தண்ணிப் பை மாதிரி ஆயிடும். தென்னிந்தியா முழுக்க பெட்டிப் பெட்டியா காலியாச்சு. வளர்ப்புக் கூட்டங்கள்ல பெரும்பகுதி அழிஞ்சுபோச்சு. தேனை நம்பியிருந்த குடும்பங்க தொழிலை விட்டு வேற வேலைக்குப் போனாங்க. தப்பிச்ச கூட்டங்கள்ல இருந்து திரும்பக் கட்டி எழுப்ப வருஷக்கணக்கா ஆச்சு. அந்த வைரஸ் இன்னும் போகலை. அதனால கூட்டம் வேணும்னா உங்க மாவட்டத்துக்குள்ளேயே, பிரிச்சுக் கொடுக்கிற ஆள்கிட்ட நேர்ல போய், புழு வெள்ளையா பளபளன்னு இருக்கான்னு பார்த்து வாங்குங்க. கத்துக்க கோயம்புத்தூர்ல வேளாண் பல்கலைக்கழகம் இருக்கு, எங்க மாவட்டத்துக்குத் திண்டிவனத்துல வேளாண் அறிவியல் நிலையம் இருக்கு.

இனி பாட்டிலுக்கு வருவோம். "ரா ஹனி", "லோக்கல்", "அன்ஹீட்டட்". ரா தேன்னா சூடு காட்டாத, ரொம்ப நுணுக்கமா வடிகட்டாத தேன், அவ்வளவுதான் அர்த்தம். இதுல ஒரு சிக்கல் இருக்கு. நம்ம நாட்டுத் தர விதிப்படி தேன்ல ஈரம் 20 சதவீதத்துக்கு மேல போகக் கூடாது. நம்ம இந்தியத் தேனீயோட தேன், நம்ம ஊர்க் காத்துல இருக்கிற ஈரத்துல, பல சமயம் அதைத் தாண்டிடும். ஈரம் கூடினா உள்ளே இருக்கிற ஈஸ்ட் வேலையை ஆரம்பிக்கும், நுரைக்கும், புளிக்கும், மூடியைத் திறந்தா 'புஸ்'ஸுன்னு சத்தம் வரும். கம்பெனிங்க சூடு காட்டி ஈரத்தை எடுக்கறதுக்கு இதுதான் காரணம். சூடு காட்டாம விக்கணும்னா, அறைகளைத் தேனீ மெழுகால மூடி சீல் வைக்கிற வரைக்கும் காத்திருந்து எடுக்கணும். நான் முக்கால் பங்குக்கு மேல மூடாத அடையைத் தொடறதில்ல. எடுத்ததும் ரிஃப்ராக்டோமீட்டர்ல ஒரு சொட்டு விட்டுப் பார்ப்பேன். சின்னக் கருவிதான், விலையும் பெருசா இல்ல. தேன் விக்கறவர்கிட்ட "இது சுத்தமான தேனா?"ன்னு கேட்கறதுக்குப் பதிலா, "ஈரம் எவ்வளவு, எந்த மாசம் எடுத்தது, சுத்தி என்ன பூத்திருந்துச்சு?"ன்னு கேளுங்க. நிஜமா பெட்டி வச்சிருக்கிறவர் அரை மணி நேரம் விடமாட்டார்.

தண்ணியில விட்டா கரையக் கூடாது, பேப்பர்ல ஊறக் கூடாது, தீக்குச்சியை முக்கினா எரியணும், நாய் நக்காது. இந்த டெஸ்ட் எல்லாத்தையும் மறந்துடுங்க. கெட்டியான சர்க்கரைப் பாகும் தண்ணிக்கு அடியில போய் சமர்த்தா உட்காரும். நம்ம நிஜமான நாட்டுத் தேன் கொஞ்சம் தண்ணியா இருக்கிறதால பேப்பர்ல ஊறிடும். அதாவது இந்த டெஸ்ட்ல கலப்படம் பாஸ், அசல் ஃபெயில். உறைஞ்சா சர்க்கரை கலந்திருக்குன்னு தூக்கிப் போடறதும் தப்பு. குளுக்கோஸ் கூடின தேன் தானா உறையும், ஃப்ரிட்ஜ்ல வச்சா இன்னும் சீக்கிரம் உறையும்.

லேப்லயே ஏமாத்த முடியும்னா வீட்டுல எப்படிக் கண்டுபிடிக்கறது? 2020 டிசம்பர்ல டெல்லியில இருக்கிற அறிவியல் மற்றும் சுற்றுச்சூழல் மையம், அதாவது சிஎஸ்இ, 13 பிராண்டு தேனை எடுத்து நம்ம ஊர் சோதனையிலயும் ஜெர்மனியில ஒரு ஆய்வகத்துல என்எம்ஆர் சோதனையிலயும் பார்த்தாங்க. நம்ம ஊர் சோதனையில பெரும்பாலானது பாஸ். எல்லாச் சோதனையிலயும் தேறினது 3 பிராண்டு மட்டும்தான். கரும்புச் சர்க்கரையைக் கண்டுபிடிக்கிற சோதனைக்கு, அரிசிப் பாகு மாதிரி வேற பாகுல பதில் வச்சிருக்காங்கன்னு அவங்க சொன்னாங்க. கம்பெனிங்க மறுத்தாங்க. அந்தச் சண்டைக்குள்ள நான் போகல. அந்தப் பாகோட விலையில போட்டி போட முடியாம பெட்டியை மடக்கி வச்சவங்களை மட்டும் எனக்குத் தெரியும்.

உடம்புக்கு நல்லதான்னு கேட்கறவங்களுக்கு ரெண்டு வரி. லோக்கல் தேன் சாப்பிட்டா மகரந்த அலர்ஜி போயிடும்னு ஒரு நம்பிக்கை ஓடுது. அலர்ஜி தர்ற மகரந்தம் பெரும்பாலும் காத்துல பறக்கிற புல், மரத்தோடது, தேனீ சேர்க்கறது வேற. நம்பறதுக்குப் போதுமான ஆதாரம் இல்ல. ரெண்டாவது, ஒரு வயசு முடியாத குழந்தைக்குத் தேன் கொடுக்கவே கொடுக்காதீங்க. பிறந்ததும் நாக்குல சேனை தொட்டு வைக்கிற பழக்கம் நம்ம வீட்டுல எல்லாம் உண்டு, தாத்தா பாட்டி கோபப்படுவாங்க, பரவாயில்ல. தேன்ல இருக்கக்கூடிய ஒரு பாக்டீரியா விதை, பச்சைக் குழந்தை குடல்ல வளர்ந்து நச்சாகும். நமக்கு ஒண்ணும் பண்ணாது, அதுக்கு உயிர்ப் பிரச்சனை. ரா தேன், சூடு காட்டின தேன், ரெண்டுக்கும் இது பொருந்தும்.

கடைசியா, பெட்டியே வாங்கப் போறதில்லைன்னாலும் உங்களுக்கு வரப்போற ஒரு தேனீ விவகாரம். எட்டாவது மாடி சன்ஷேடுக்குக் கீழே, முறம் சைஸ்ல கறுப்பா தொங்குமே, அது மலைத்தேனீ. செஞ்சிக் கோட்டைப் பாறையில தொங்கறதும் அதே வகைதான். அதைப் பெட்டியில வளர்க்க முடியாது. பூவைத் தேடி ஊர் ஊரா போற கூட்டம், பெரும்பாலும் சில மாசத்துல தானே காலி பண்ணிடும். ஆள் நடமாட்டத்துக்கு எட்டாத உயரத்துல இருந்தா விட்டுடுங்க. அந்தப் பக்க ஜன்னலை மூடி வைங்க, ராத்திரி அந்தப் பக்கம் லைட்டை அணைச்சு வைங்க, கீழே குப்பை கொளுத்தாதீங்க, பசங்க கல்லு விடாம பார்த்துக்குங்க. ஸ்கூல் வாசல்ல, படிக்கட்டு மேல கட்டியிருந்தா அது வேற, அனுபவம் உள்ள ஆளைக் கூப்பிட்டு ராத்திரியில எடுக்கச் சொல்லணும். கொட்டினா நின்னு விரட்டாம ஓடி வீட்டுக்குள்ள போய்க் கதவைச் சாத்துங்க. கொடுக்கை நகத்தால வழிச்சு எடுங்க. மூச்சுத் திணறல், முகம் தொண்டை வீக்கம்னா யோசிக்காம 108.

உங்க தெருவுல இந்த மாசம் என்ன பூத்திருக்குன்னு வாய்ஸ் நோட் அனுப்புங்க. மரத்தோட பேர் தெரியலைன்னா போட்டோ போதும். அடுத்த எபிசோட்ல சந்திப்போம். வணக்கம்.